பாட்டுப் பெட்டியும் கைபேசியும்

சென்ற சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடிக்குப் போயிருந்தேன். போன இடத்தில் என் கைபேசி மூச்சை நிறுத்திக்கொண்டது. அதன் முதுகு சற்றே உப்பியிருந்தது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விளக்கு எரியவில்லை. எந்தக் கம்பெனியின் சரக்கு என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான வியாதிதான் அது.

பளபளவென்றிருந்த ஒரு பெரிய கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். கடைப் பையன் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "பேட்டரி உப்பிடுச்சு சார். பசை போட்டு ஒட்டியிருக்கான், பிரிக்கப் போனா கண்ணாடி போயிரும். நாலு வருஷம் ஓடினதே பெரிசு. புதுசு வாங்கிடுங்க" என்றான். பிழைக்காத நோயாளியின் உறவினரிடம் டாக்டர் பேசுவாரே, அந்த மாதிரி ஒரு தணிந்த குரல்.

புதிது வாங்க மனம் வரவில்லை. வெயிலில் நடந்து முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனேன். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழித்த பழம் பொருள்களை விற்கும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குகள், மரப்பாச்சிகள், ரசம் போன நிலைக்கண்ணாடிகள், யாருடைய கல்யாணத்திலோ மாலையும் கழுத்துமாக நின்றவர்களின் புகைப்படங்கள். அவற்றின் நடுவே பித்தளைப் பூ விரித்தாற்போல ஒரு கிராமபோன் நின்றது. நான் அதையே பார்ப்பதைக் கண்ட கடைக்காரர் சாவி கொடுத்து, ஒரு தட்டை வைத்து, முள்ளை இறக்கினார். கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் எழுந்து, சுமார் மூன்று நிமிஷம் பாடிவிட்டு நின்றது.

நாலு வயசு யந்திரம் என் சட்டைப் பையில் பிணமாகக் கிடக்கிறது. பாட்டனார் காலத்து யந்திரம் பாடுகிறது! இதை வைத்து ஒரு கட்டுரை எழுதிவிடலாம் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன். "அந்தக் காலத்துப் பொருள்கள்" என்று தொடங்கிப் பெருமூச்சில் முடிகிற கட்டுரை. வாசகர்களுக்கும் அது பழக்கமானதுதானே!

அன்று இரவு கல்யாண வீட்டில் ஓர் ஆச்சி அந்தக் கட்டுரையைக் கெடுத்துவிட்டார். எண்பது வயசு இருக்கும். பட்டாலைத் தூணில் சாய்ந்துகொண்டு, மடியில் ஒரு டாப்லெட்டை வைத்து, சிங்கப்பூரில் இருக்கும் பேரனோடு பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் நான் கிராமபோனைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எங்க வீட்லயும் பாட்டுப் பெட்டி இருந்துச்சு தம்பி. எங்க ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்தாக. கொண்டாந்து வச்சிட்டு மறுபடி கணக்குக்குப் போயிட்டாக. மூணு வருஷம். அந்தப் பெட்டியில ஊரார் குரலெல்லாம் கேட்டுச்சு. ஐயா குரல் மட்டும் கேக்கலைன்னு எங்க அப்பத்தா சொல்லுவாக. பழசெல்லாம் ஒசத்தின்னு எழுதிராதீக."

நான் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, அந்தப் பெட்டி இந்த ஊருக்கு வந்த வழியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு வெளிநாட்டில் கிராக்கி ஏறியது. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டை வெட்டி வயலாக்கிய குடியானவனுக்குக் கைமுதல் வேண்டியிருந்தது. வெள்ளைக்கார பாங்கிகள் அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். பர்மாவிலும், இலங்கையிலும், மலேயாவிலும் அவர்களுடைய வட்டிக்கடைகள் பெருகின. கடையை நடத்தும் ஏஜண்டு மூன்று வருஷக் கணக்குக்குப் போவார். மனைவி மக்கள் ஊரில் இருப்பார்கள். இடையில் கடிதம் ஒன்றுதான் துணை.

போனவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, சுவீடன் எனாமல் பாத்திரம் எல்லாம் கப்பலேறி இந்தச் செம்மண் பூமிக்கு வந்தன. மழை குறைந்த சீமையில் அரண்மனை போன்ற வீடுகள் எழுந்தன. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி வைப்பார்கள். வந்தவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று போதுமான இடத்தில் ஒரு டஜன் இருக்கும். அடுப்பின் முகத்தையே பார்க்காமல் இரண்டு தலைமுறை பெட்டகத்தில் உறங்கிய பாத்திரங்கள் உண்டு. புது மாதிரிக் கைபேசி வெளியாகும் நாளில் விடியற்காலையிலேயே கடை வாசலில் வரிசையில் நிற்கும் இளைஞர்களை நாம் கேலி செய்கிறோம். அவர்கள் ஒன்றும் புதிய ஜாதி அல்ல. ஆசை பழையது, சாமான்தான் மாறியிருக்கிறது.

அந்தச் சாமான்களுக்கு வேறொருவரும் விலை கொடுத்தார். 1930-களில் உலகமெங்கும் வந்த பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. பர்மாக் குடியானவனால் கடனைத் திருப்ப முடியவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம் செட்டியார்களின் பெயரில் இருந்தது. நிலத்தை விரும்பி அவர்கள் வாங்கவில்லை, பணம்தான் அவர்களுக்கு வேண்டும் என்பது உண்மை. நிலம் போனவனுக்கு அந்த நியாயம் ஆறுதலாக இருந்திருக்குமா? இன்று நம் கைபேசியின் மின்கலத்தில் சேரும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வருகிறது. குழந்தைகளும் அங்கே மண் தோண்டுகிறார்கள். பளபளக்கும் பொருளை வாங்கும்போது அதன் மறுபக்கத்தைப் பார்க்கும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

1941 டிசம்பரில் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அதே வருஷம் நிலங்களைத் தேசியமாக்கும் சட்டமும் வந்தது. தலைமுறைகளாகச் சேர்ந்த முதல் கரைந்தது. பிறகு ஒவ்வொரு வீடாகச் சாமான்கள் வெளியேறின. முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் பார்த்த கிராமபோனும் அப்படி ஏதோ ஒரு வீட்டு வாசலைத் தாண்டி வந்ததாகத்தான் இருக்கும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது வாங்கி இழந்தவர்களின் கதை. ஆனால் இதே மண்ணில் இரண்டு பேர் வேறு வழியில் நடந்தார்கள்.

ஒருவர் 1907-ல் காரைக்குடியில் பிறந்த ஏ. வி. மெய்யப்பன். அவருடைய தகப்பனார் கடையில் கிராமபோன் தட்டுகள் விற்றார்கள். தட்டை விற்ற பையனுக்குத் தட்டு எப்படி உண்டாகிறது என்ற கேள்வி வந்தது. 1930-களில் சென்னைக்குப் போய், கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கி, ஜெர்மன் ஓடியன் முத்திரையில் தமிழ்ப் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட்டார். பிறகு சினிமா. 1935-ல் எடுத்த 'அல்லி அர்ஜுனா' கையைச் சுட்டது. அவர் விட்டுவிடவில்லை. யுத்த காலத்தில் சென்னையில் ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது கஷ்டமாயிற்று; காரைக்குடிக்கே திரும்பி வந்து, தேவகோட்டை ரஸ்தாவில் கீற்றுக் கொட்டகைகளைப் போட்டுப் படம் எடுத்தார். பாரதியார் பாட்டுகளோடு 1947-ல் வெளிவந்த 'நாம் இருவர்' அங்கே பிறந்ததுதான். ஸ்டூடியோ பின்னால் கோடம்பாக்கத்துக்குக் குடிபோய்விட்டது. என்றாலும், வெளிநாட்டுப் பெட்டியை வாங்கி மகிழ்ந்த சீமை, அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வரும் குரலைத் தானே தயாரிக்கலாம் என்று ஒரு தடவை கண்டுகொண்டது.

இன்னொருவர் கோட்டையூரில் 1909-ல் பிறந்த அழகப்பச் செட்டியார். இவர் ஒரு படி மேலே போனார். பொருளைச் செய்தால் போதாது, அதன் பின்னாலுள்ள அறிவே ஊரில் இருக்க வேண்டும் என்று நினைத்தார். 1947-ல் கல்லூரி தொடங்கினார். மத்திய அரசாங்கம் விஞ்ஞான ஆராய்ச்சிக் கூடங்களை நிறுவ இடம் பார்த்தபோது, முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் தருவதாக முன்வந்தார். 1948 ஜூலை 25-ல் நேருஜி காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். பர்மா நிலங்கள் கைவிட்டுப் போன அதே 1948-ஐ நினைத்துக்கொண்டால், அந்தப் பதினைந்து லட்சத்தின் எடை தெரியும். அழகப்பர் 1957-ல், நாற்பத்தெட்டு வயசு நிரம்புமுன்பே காலமானார்.

மின்வேதியியல் என்றதும் வாசகர்கள் பயப்பட வேண்டாம். பித்தளைக்குத் தங்க முலாம் பூசுவது மின்வேதியியல். கடற்காற்றில் இரும்பு துருப்பிடிப்பதும் அதுவே. டார்ச் விளக்கின் கட்டையும் அதுவே. என் பையில் செத்துக் கிடந்த கைபேசியின் வியாதியும் அதுவேதான்.

கைபேசியின் மின்கலத்தில் ஒரு பக்கம் கிராஃபைட் என்னும் கரி. மறு பக்கம் கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடு. நடுவே ஒரு திரவம். மின்சாரம் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் திரவத்தின் வழியே நீந்திக் கரிக்குள் போய் அடையும். நாம் பேசும்போது திரும்பி வரும். மூன்று வருஷக் கணக்குக்குப் போய்த் திரும்பும் ஏஜண்டைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரயாணத்திலும் சில வழியிலேயே தங்கிவிடும். சில நூறு தடவை ஏற்றி இறக்கியதும் சக்தி குன்றும். வெயிலும் சூடும் மூப்பை விரைவுபடுத்தும். உள்ளே வாயு உண்டானால் உப்பிக்கொள்ளும். இந்த மின்கலத்தை 1991-ல் ஜப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு வழி வகுத்த மூவருக்கு 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. காரைக்குடி நிலையமும் சும்மா இருக்கவில்லை. அது உருவாக்கிய லித்தியம் மின்கலத் தொழில்நுட்பத்தை ஒரு நிறுவனத்துக்குக் கொடுக்க 2018-ல் ஒப்பந்தம் ஆயிற்று. உப்பிய கைபேசியோடு நான் அலைந்த அதே ஊரில், அந்த உப்பலின் காரணத்தை அறிந்தவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள்!

இப்போது என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். கைபேசியை நான் பழிக்கவில்லை. அந்த ஆச்சியின் அப்பத்தாவுக்குக் கிடைக்காதது ஆச்சிக்குக் கிடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிய நற்சாட்சி எந்த யந்திரத்துக்கும் வேண்டியதில்லை. என் குறையெல்லாம், நாம் அதை வாங்கும் விதத்தில்தான். பசையால் ஒட்டி மூடிய பெட்டியை விலை கொடுத்து வாங்குகிறோம்; திறக்கக் கூடாது என்றால் சரி என்கிறோம்; உள்ளே ஒரு சிறு உறுப்பு மூப்படைந்தால் முழு உடலையும் எறிகிறோம். கிராமபோன் இத்தனை காலம் பாடுகிறதென்றால் அதற்குத் தெய்வ சக்தி எதுவும் இல்லை. முள் தேய்ந்தால் முள்ளை மாற்றலாம்; வில் உடைந்தால் வில்லை மாற்றலாம். அவ்வளவே. கைபேசியிலும் அது முடியாத காரியம் அல்ல. கையடக்கச் சாதனங்களின் மின்கலத்தை வாங்கியவரே கழற்றி மாற்ற வழி வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டமே செய்திருக்கிறது. நம் நாட்டிலும் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றி ஆராய 2022-ல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. கேட்பவர்கள் கேட்டால்தான் செய்பவர்கள் செய்வார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் கைபேசிகள் தயாராகின்றனவே என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். சந்தோஷம்தான். அங்கே 2006-ல் தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை 2014-ல் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்ததையும் மறக்க வேண்டாம். பிறர் அனுப்பும் உறுப்புகளைப் பூட்டிக் கொடுப்பது ஒரு தொழில். அந்த உறுப்பை ஆக்கத் தெரிவது வேறொரு பலம். முன்னது ஓர் உத்தரவில் ஊரை விட்டுப் போய்விடும். பின்னது அழகப்பர் கொடுத்த நிலத்தைப் போல ஊரிலேயே இருக்கும்.

மறுநாள் காலை, ரயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்துக்குள் பெட்டிக்கடை அளவில் ஒரு ரிப்பேர் கடையைப் பார்த்தேன். இருபது வயசுப் பையன் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். கைபேசியை நீட்டினேன். அவன் ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. சூடு காட்டிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டை நுழைத்துப் பிரித்து, உப்பிய மின்கலத்தைப் பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் எடுத்து வைத்துவிட்டு, வேறொன்றைப் பொருத்தினான். முக்கால் மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

"எங்கேப்பா படிச்சே இதை?" என்று கேட்டேன்.

"படிக்கலை ஐயா. ஆகாதுன்னு தூக்கிப் போட்டதையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தேன்" என்றான்.

தகப்பனார் கடையில் தட்டைப் புரட்டிப் பார்த்த பையனும் இந்த வயசில்தான் இருந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே ரயிலேறினேன்.