காலுக்கு கரண்ட் – ரெண்டாயிரம் வருஷத்துக் கதை

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் முகூர்த்தமில்லாத நாட்களில் கல்யாண மண்டபங்களில் 'இலவச பாத சிகிச்சை முகாம்' பேனர் தொங்குவதைப் பார்த்திருப்பீங்க. தட்டு மேல பாதத்தை வெச்சு அரை மணி நேரம் உட்காரணும். சுர்ருனு ஏறும். 'ரத்த ஓட்டம் சீராகும், புது டெக்னாலஜி சார்' என்பார்கள்.

புதுசா? கி.பி. 47 வாக்கிலேயே ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் இதை எழுதிட்டார். கௌட் வலிக்காரர் ஈரக் கடற்கரையில், உயிரோட இருக்கும் மின் திருக்கை மேல் காலை வைத்து நிற்கணும், முழங்கால் வரை மரத்துப்போகும் வரைக்கும்! அந்த மீன் வகை நம்ம கடலிலும் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து போன ஒன்றுக்கு 1801-ல் ப்ளாக், ஷ்னைடர் என்ற இரு ஜெர்மானியர் நூலில் வைத்த பெயர் 'டிம்லெய்'. எனக்கென்னவோ நம்ம 'திமிர்' (மரத்துப்போறது) காதில் விழுது.

அப்புறம் 1791-ல் கால்வானியின் தவளைக்கால், 1800-ல் வோல்டாவின் பேட்டரி. இதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படிச்சாச்சு. 1831-ல் ஃபாரடே. ஃபாரடேன்னா எனக்கு ட்ரான்ஸ்ஃபார்மரும் அரியரும்தான் ஞாபகம் வரும் :-) ஆனா பிசியோதெரபிக்காரங்க இன்னிக்கும் 'ஃபாரடிக்' கரண்ட் என்றுதான் சொல்றாங்க. அந்தக் கரண்டை ஈரத்துணி சுற்றிய மின்முனை வழியா தோல் மேலேயே கொடுத்து, ஒவ்வொரு தசையா தனித்தனியே துடிக்க வைத்தவர் பிரான்ஸின் டுஷேன். புத்தகமா போட்டது 1855-ல்.

ரத்த ஓட்டம் எங்கே வருது? நாம 'நரம்பு' என்று ரெண்டையும் சொல்லிடறோம்: சேதி கொண்டு போறதையும், ரத்தம் திரும்புற சிரையையும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்றால் அது சிரை. கரண்ட் தட்டுவது நிஜ நரம்பை. அது கெண்டைக்கால் சதையைச் சுருக்குது, சதை சிரையைப் பிழியுது, உள்ளே இருக்கும் வால்வுகள் ரத்தத்தை மேல் நோக்கி மட்டும் விடுது. நடக்கும்போது நடப்பதும் இதேதான். ஆக சதை துடிக்கணும், வெறும் சுர்ரு போதாது.

1964-ல் டோரன் குழுவினர் இங்கிலாந்தில் இதை ஆபரேஷன் டேபிளில் பயன்படுத்தினாங்க. மயக்கத்தில் கால் அசையாம கிடக்கும், ரத்தம் தேங்கும், உறையும். கெண்டைக்காலுக்கு கரண்ட் கொடுத்து அந்தத் தேக்கத்தைத் தடுத்தார்கள். 2014-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, முழங்கால் பக்கவாட்டில் ஒட்டும் 'கெக்கோ' என்ற குட்டிக் கருவியைப் பரிந்துரைத்தது. எல்லாருக்கும் இல்லை. ரத்தம் உறையும் அபாயம் அதிகமிருந்து, மருந்தோ மற்ற கருவிகளோ கொடுக்க முடியாதவர்களுக்கு. அதாவது, நடக்க முடியாதவனுக்கு நடையின் டூப்.

இதைத் தோண்டக் காரணம் அப்பா. 15 வருஷச் சர்க்கரை. கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் பிடிச்சுக்கும், நின்னா விட்டுடும். மண்டபத்துக்கு ஒரு வாரம் போயிட்டு வந்து, "லேசா இருக்குடா, மெஷின் வாங்கிடலாமா?" என்றார். அவர் சொன்ன அறிகுறி சிரைக்குரியது இல்லை, தமனி அடைப்பின் அறிகுறி. கரண்ட் அடைப்பைக் கரைக்காது. அதோட பேஸ்மேக்கர் இருந்தாலோ, காலில் ரத்தம் உறைந்த சந்தேகமிருந்தாலோ டாக்டரைக் கேக்காம இந்தத் தட்டுல கால் வைக்கவே கூடாது. பாதம் மரத்த சர்க்கரைக்காரருக்கு தோல் சுட்டாலும் தெரியாது.

அடையாறில் ஒரு டாக்டர் கணுக்காலில் பிரஷர் பட்டி சுற்றி, கையின் பிரஷரோட ஒப்பிட்டார். விகிதம் 0.9-க்குக் கீழே இருந்தா அடைப்பு என்று அர்த்தம். அப்பாவுக்கு 0.7. மாத்திரை தந்தார், கூடவே நடையும். இப்போ தினமும் காலையில் நாகேஸ்வர ராவ் பார்க். வலி வந்தா பெஞ்ச், போனதும் மறுபடி நடை. சீட்டில் அப்படியேதான் எழுதியிருக்கு.