கண்ணுள் ஓடும் நீர்

கருவிழிக்குப் பின்னால், கண்ணின் முன்னறையில், ஏறக்குறைய கால் மில்லிலிட்டர் அளவான தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. ஒளி தடையின்றிப் புகும்பொருட்டு இரத்தக்குழாய்களே இல்லாமல் அமைந்த கருவிழிக்கும் கண்வில்லைக்கும் ஆகாரத்தைக் கொணர்ந்து, அவை கழிக்கும் லாக்டிக் அமிலம் முதலானவற்றை வாரிச் செல்வதும், இடையறாது சுரந்தும் வடிந்தும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தன்னை முற்றிலும் புதுப்பித்துக்கொள்வதும் இந்நீரின் இயல்பு. இதனை ஐயமற நிலைநாட்ட மேனாட்டு வைத்திய உலகத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

பெர்லின் நகரத்து உடற்கூற்று அறிஞர் பிரீட்ரிக் ஷ்லெம், தூக்கிட்டு இறந்த ஒருவனின் கண்ணைப் பரிசோதிக்கையில், கருவிழியும் வெள்விழியும் கூடும் விளிம்பில் இரத்தம் நிரம்பி வளையமாகக் கிடந்த நுண்ணிய கால்வாயைக் கண்டு, 1830-இல் அதனை வெளியிட்டார். அக்கால்வாய் எதற்காக இருக்கிறது என்பது அன்று விளங்கவில்லை. 1857-இல் ஆல்பிரெக்ட் பான் கிரேஃப், கண்பாவையைச் சூழ்ந்த திரையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து, கிளாக்கோமா என்னும் கண்நோயின் கொடிய அழுத்தத்தைத் தணித்துக் காட்டினார். ஆயினும் அழுத்தம் தணிந்ததன் காரணத்தை அவரும் அறியார். 1873-இல் தியோடோர் லெபர், உயிரற்ற கண்களுக்குள் வர்ண நீரைச் செலுத்தி, அது முன்னறையின் மூலையில் வடிகட்டப்பட்டு ஷ்லெம் கால்வாய் வழியே வெளியேறுகிறது என்று வாதித்தார்.

செத்த கண்ணில் பலவந்தமாகச் செலுத்திய நீர் செல்லும் வழியையே உயிருள்ள கண்ணின் நீரும் செல்லும் என்பதற்கு என்ன பிரமாணம் என்று எதிர்ப்பாளர் கேட்டனர். பெர்லினைச் சேர்ந்த ஹாம்பர்கர் முதலியோர் இந்நீர் ஓடுவதே இல்லை, தேங்கியே நிற்கிறது என்றனர். அக்கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். லெபரின் சோதனைகள் எத்துணை நுட்பமானவையாயினும், வழி இருப்பதைக் காட்டினவேயன்றி ஓட்டத்தைக் காட்டவில்லை.

பிராகா நகரிலிருந்து அமெரிக்காவின் சின்சினாட்டிக்குக் குடிபெயர்ந்த கார்ல் ஆஷர், 1942-இல் அந்த ஓட்டத்தையே காட்டினார். ஒளிக்கீற்றை வீசிக் கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப் கருவி அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. எண்ணற்ற வைத்தியர்கள் அதன் வழியே வெள்விழியைப் பார்த்துமிருந்தனர். ஆனால் அங்கே சிவந்த நாளங்களுக்கிடையே பளிங்குபோல் நிறமற்ற நீரைத் தாங்கிய நாளங்கள் சில இருப்பதையும், அவை இரத்த நாளத்தோடு கூடுமிடத்தில் நீரும் குருதியும் கலவாமல் சிறிது தூரம் அருகருகே ஒழுகுவதையும் பொறுமையோடு நோக்கி, இதுவே கண்ணுள்ளிருந்து வடியும் நீர் என்று துணிந்தவர் அவர். கத்தியின்றி, ஊசியின்றி, உயிருள்ள மனிதன் விழித்திருக்கையிலேயே அந்த நீண்ட விவாதம் தீர்ந்தது. கால்வாய்க்கு ஷ்லெம் பெயர் நிலைத்தது தகும். ஆஷரின் பெயர் கண் வைத்தியருக்கு வெளியே வழங்காதது வருந்தத்தக்கது.

1965-இல் சுவீடனின் உப்சாலாவில் ஆண்டர்ஸ் பில், நீரின் ஒரு பங்கு கால்வாயைத் தொடாமல் தசையிழைகளினூடே கசிந்து செல்வதைக் குரங்குகளில் கண்டறிந்தார். 1996-இல் வழக்கத்துக்கு வந்த லாட்டனோபிராஸ்ட் என்னும் சொட்டு மருந்து பெரும்பாலும் அவ்வழியைப் பெருக்கியே அழுத்தத்தைக் குறைக்கிறது. 2020-இல், விழித்திரையின் கழிவுப் புரதம் பார்வை நரம்பின் வழியே பின்னோக்கி அகற்றப்படுவதாக எலியினங்களில் காட்டியிருக்கின்றனர். மனிதக் கண்ணிலும் அது நிகழ்வதாகக் கொள்ளுமுன், ஆஷர் கண்டதுபோல் உயிருள்ள மனிதக் கண்ணிலேயே கண்டாக வேண்டும்.