எந்த பிராஞ்ச் எடுக்கலாம் சார்? – ஒரு கேள்வியின் கதை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் முன்னாள் மாணவர்களில் பலருக்குத் தொலைபேசி ஓயாது. ஒன்றுவிட்ட சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமி, ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர் என்று வரிசையாகக் கூப்பிடுவார்கள். "தம்பி, பையனுக்கு 178 கட்-ஆஃப் வந்திருக்கு. ஈ.சி.ஈ. போடலாமா, மெக்கானிக்கல் போடலாமா?" நாமும் அன்றைய தேதியில் நமக்குத் தெரிந்ததை வைத்து ஏதோ சொல்லிவிடுகிறோம். ஒரு பிள்ளையின் நாற்பது வருட உத்தியோகம் அந்த ஐந்து நிமிடப் பேச்சில் தீர்ந்து போகிறது. இந்தக் கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் சங்க மலரில் அதைப் பதிந்து வைக்கலாமே என்றுதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. 1951இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன செண்பகம் துரைராஜன் வழக்கு நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வகுப்புவாரி உத்தரவை எதிர்த்து நடந்த அந்த வழக்கில், மருத்துவ இடம் கேட்டவரோடு பொறியியல் இடம் கேட்ட ஸ்ரீனிவாசன் என்பவரும் இருந்தார். தீர்ப்பில் போகிற போக்கில் ஒரு விவரம் வருகிறது: அன்றைய சென்னை மாநிலத்தில் பொறியியல் கல்லூரிகள் நான்கு, மொத்த இடங்கள் 395. அன்றைய சென்னை மாநிலம் என்றால் ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்தது. அத்தனை பெரிய நிலப்பரப்புக்கு 395 சீட்டு! இன்று ஒரு கல்லூரியின் முதலாண்டிலேயே அதைவிட அதிகம் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் "எந்த பிராஞ்ச்?" என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சீட்டு கிடைத்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. கிடைத்துவிட்டால் பெரும்பாலும் பி.டபிள்யூ.டி., ரயில்வே, மின்சார இலாகா. பாதை ஒன்றுதான், வழிகாட்டி எதற்கு?

வழிகாட்டி இல்லாததால் என்ன நஷ்டம் என்பதற்கு நமக்கு மிகத் தெரிந்த ஒருவரையே சாட்சிக்கு அழைக்கலாம். அப்துல் கலாம் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்து, அங்கேயே பி.எஸ்சி. இயற்பியல் சேர்ந்தார். கடைசி வருடத்தில்தான் தமக்கு வேண்டியது இயற்பியல் அல்ல, பொறியியல் என்று புரிந்ததாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். இண்டர்மீடியட் முடித்த கையோடு போயிருக்கலாம். அது அப்போது தெரியவில்லை. பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது அவருடைய சகோதரி ஜொஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தது ஊரறிந்த கதை. நாம் நகையைத்தான் பேசுகிறோம். அந்த வருடங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இராமேசுவரத்திலிருந்து வந்த கெட்டிக்காரப் பையனுக்கே "தம்பி, நீ இந்தப் பக்கம் போ" என்று சொல்ல ஆள் இல்லை என்றால் மற்றவர்கள் கதி என்ன?

அரசாங்கம் இதை அறியாமல் இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் என்று நாம் சொல்கிறோமே, அது 1945இல் யுத்தத்திலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்க ஆரம்பித்தது. பிறகு பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு, 1956 நவம்பரில் மாநிலங்களின் கைக்கு வந்தது. அதன் பிறகுதான் தொழில்நெறி வழிகாட்டல் என்ற பெயரில் ஒரு பிரிவு, பல்கலைக்கழகங்களில் ஒரு வேலைவாய்ப்புத் தகவல் மையம் என்றெல்லாம் வந்தன. 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரி கமிஷனும் மாணவருக்கு வழிகாட்டலும் ஆலோசனையும் கல்வியின் ஓர் அங்கம் என்றே சொன்னது. ஆனால் நடைமுறையில் மக்கள் அந்த அலுவலகத்துக்குப் போனது பதிவு செய்யவும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும்தான். "என்ன படிக்கலாம்?" என்று கேட்க அங்கே போனவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. இருக்கலாம், சொல்வதற்கில்லை.

அறுபதுகளின் பிற்பகுதியில் பொருளாதாரம் தளர்ந்தபோது முதன்முறையாக பி.ஈ. படித்தவர்களே வேலையில்லாமல் நின்றார்கள். அந்தச் சங்கடத்தின் பிள்ளைதான் பட்டதாரி அப்ரண்டிஸ் திட்டம். 1961ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தை 1973இல் திருத்தி பொறியியல் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். நம் மூத்த உறுப்பினர்களில் பலர் ஒரு வருடம் ஸ்டைபண்டு வாங்கிக்கொண்டுதான் தொழிற்சாலை வாசலை மிதித்தார்கள்.

1978 இரண்டு விதத்தில் முக்கியமான வருடம். அந்த வருடம் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தது. அதே வருடம் தமிழ்நாட்டில் பி.யூ.சி. போய் பிளஸ் டூ வந்தது. இரண்டாவது மாற்றத்தைப் பற்றி எனக்கு ஒரு தனிக் கருத்து உண்டு. பி.யூ.சி. படித்த பையன் கல்லூரி வளாகத்துக்குள் இருந்தான். பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. படிக்கும் அண்ணன்மார்களை வராந்தாவில் பார்த்தான், லைப்ரரியில் பார்த்தான், அவர்கள் பேசுவதைக் கேட்டான். யாரும் அவனுக்கு ஆலோசனை சொல்லவில்லை என்றாலும் காதில் விழுந்துகொண்டே இருந்தது. பிளஸ் டூ மாணவன் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டான். பத்தாவது முடித்ததும் பதினைந்து வயதில் "ஃபர்ஸ்ட் குரூப்பா, செகண்ட் குரூப்பா?" என்று முடிவு செய்ய வேண்டும். கேட்டுக்கொள்ள இருந்தவர் ஒருவர்தான்: கணக்கு வாத்தியார். அவர் நல்லவர், ஆனால் பி.எஸ்சி., பி.எட். படித்தவர், பொறியியல் கல்லூரியை வெளியிலிருந்து பார்த்தவர்.

எண்பதுகளில் கதவு அகலமாகத் திறந்தது. 1984 வாக்கில் சுயநிதிக் கல்லூரிகளுக்கு அனுமதி. அதே சமயத்தில் நேர்முகத் தேர்வு போய் நுழைவுத்தேர்வு வந்தது. நேர்முகம் என்றால் சிபாரிசு என்று பெயர் வாங்கியிருந்த காலம். ஆகவே வந்த புதிதில் நுழைவுத்தேர்வை ஏழை வீட்டுப் பிள்ளைக்கான நியாயமாகவே பார்த்தார்கள். பிளஸ் டூ மதிப்பெண் 200, நுழைவுத்தேர்வு 100, ஆக மொத்தம் 300 என்று கணக்கு. பிறகு என்ன ஆயிற்று? நகரங்களில் கோச்சிங் சென்டர்கள் முளைத்தன. பீஸ் கட்ட முடிந்தவர், சென்னையிலோ நாமக்கல்லிலோ தங்க முடிந்தவர் முன்னே போனார். நியாயத்துக்காக வந்ததே அநியாயம் என்ற பேச்சு கிளம்பியது. 2005இலும் 2006 தொடக்கத்திலும் அதை ரத்து செய்ய எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு, அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைத்து, அதன் பரிந்துரைப்படி சட்டம் இயற்றி, 2007 முதல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது. கடைசியாக 2006இல் எழுதிய கூட்டத்தில் நானும் ஒருவன். இப்போது கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக 200. தொலைபேசியில் மாமி சொல்லும் "178" அதுதான்.

இதற்கு நடுவில் நடந்ததுதான் பெரிய சங்கதி: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. இரண்டையும் தகுதி வரிசைப்படிதான் நிரப்ப வேண்டும் என்றும் சொன்னது. தனியார் கல்லூரி ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி டி.டி., தனிப் பயணம் என்றிருந்த அலைச்சலுக்கு ஒரு முடிவாக 1997 வாக்கில் எல்லா இடங்களும் ஒரே மண்டபத்துக்கு வந்தன. கிண்டி வளாகத்தில் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கன்னியாகுமரியிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, மஞ்சள் பையில் சான்றிதழ், கையில் அழைப்புக் கடிதம், கூடவே வேட்டி கட்டிய அப்பா. பெரிய திரையில் கல்லூரி எண், பிராஞ்ச், இனவாரியாக மீதம் உள்ள இடங்கள். கண்ணெதிரே எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். "அப்பா, ஐ.டி. போயிடுச்சு!" உள்ளே கூப்பிட்டதும் சில நிமிடங்களில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

இந்த முறையை நான் குறைவாகப் பேச மாட்டேன். யாருடைய சிபாரிசும் செல்லாத ஓர் இடத்தை நம் மாநிலம் கட்டிக் காட்டியது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கு வைத்த பெயர் கவுன்சலிங், கலந்தாய்வு. கலந்து ஆய்வதற்கு அங்கே யாரும் இல்லை! அங்கே நடந்தது இட ஒதுக்கீடு. ஆலோசனை நடந்தது மண்டபத்துக்கு வெளியே, மரத்தடியில், நோட்டீஸ் கொடுக்கும் கல்லூரி ஏஜெண்டுகளிடம்.

மரத்தடி ஆலோசனை எப்போதும் அந்த வருடத்து நிலவரத்தை வைத்தே இருக்கும். பொறியியல் படிப்போ நான்கு வருடம். 1996இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தபோது மெக்கானிக்கலுக்கு மவுசு. 1997, 98இல் எல்லோரும் கம்ப்யூட்டர் என்று ஓடினார்கள். அவர்கள் படித்து முடித்த 2001, 2002இல் அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்து, இங்கே ஆஃபர் லெட்டர் வாங்கியவர்களும் காத்துக் கிடந்தார்கள். அப்போது யாரும் சீந்தாத சிவிலில் வேறு வழியில்லாமல் சேர்ந்தவர்கள் 2006, 2007இல் வெளியே வரும்போது கட்டுமானத் தொழில் கொழித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்து சிவில் எடுத்தவர்களில் சிலர் 2008 நெருக்கடிக்குப் பிறகு வெளியே வந்தார்கள். 2020க்குப் பிறகு செயற்கை நுண்ணறிவு, டேட்டா சயின்ஸ். என்னிடம் கேட்டால் ஒரே ஒரு விஷயம் நிச்சயம்: சேரும்போது உச்சியில் இருப்பது முடிக்கும்போது உச்சியில்தான் இருக்கும் என்று நம் வரலாற்றில் உத்தரவாதமே கிடையாது.

2018இல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போனது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. ராத்திரி பஸ் மிச்சம். சான்றிதழ் சரிபார்க்க மாவட்டங்களிலேயே உதவி மையங்கள். யோசிக்கவும் நேரம் கிடைக்கிறது. ஆனால் அந்தத் திரை போய்விட்டது. எந்த இடம் இருக்கும் என்று ஊகித்து, விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்தித் தர வேண்டும். நான்கைந்து பெரிய கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு ஒதுக்கீடே கிடைக்காமல் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். வீட்டில் யாராவது படித்திருந்தால் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டர்காரர் எழுதுகிறார். முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையை 2010இல் அரசு கொடுத்தது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவருக்குப் பொறியியலிலும் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு வந்தது. கல்லூரி வாசல் வரை வந்துவிட்டார்கள். பட்டியல் எழுதத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் பள்ளியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்கப் பார்க்கிறது. நல்ல ஆரம்பம் என்பேன்.

உள்ளே வந்த பிறகு? அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில் அந்த நாளிலிருந்தே ஒரு பிரிவு உண்டு. பாடங்களைத் திட்டமிடவும் படிப்பு பற்றிப் பொதுவாக யோசனை சொல்லவும் துறைத் தலைவர் மாணவர்களைப் பங்கிட்டு ஆசிரியர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அவர்தான் ஆசிரிய ஆலோசகர். இதை எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நமக்கு அவர் லீவ் லெட்டரில் கையெழுத்துப் போடுபவர், அட்டெண்டன்ஸ் குறைந்தால் அப்பாவைக் கூட்டி வரச் சொல்பவர். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 2018இல் ஏ.ஐ.சி.டி.ஈ. ஆசிரியர்–மாணவர் விகிதத்தை 15இலிருந்து 20 ஆக உயர்த்தியது. வகுப்பு, லேப், நாக் குழு ஃபைல் எல்லாம் முடித்து அவர் எப்போது ஆலோசனை சொல்வார்? உண்மையான ஆலோசனை ஹாஸ்டலில்தான் நடந்தது. தமிழ் மீடியத்தில் படித்து வந்து முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் புரியாமல் விழித்தவனுக்கு, சீனியர்தான் ஜெராக்ஸ் நோட்டோடு பரீட்சைக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். அரியர் எத்தனை வைக்கலாம், எதை முதலில் முடிக்கணும் என்ற கணக்கும் அவருடையதே.

ஆனால் இப்போது நிலைமை வேறு. நம் காலத்தில் பாடத்திட்டம் ஹாஸ்டல் மெஸ் மாதிரி; போட்டதைச் சாப்பிட வேண்டும். கடைசி வருடத்தில் இரண்டு மூன்று எலக்டிவ், அதுவும் எந்த சாருக்கு நேரம் இருக்கிறதோ அந்த எலக்டிவ். 2017 விதிமுறையில் விருப்பத் தேர்வு முறை வந்தது. 2021 விதிமுறையில் விருப்பப் பாடங்களைத் துறைவாரியாகக் கொத்துக் கொத்தாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் ஹானர்ஸ் அல்லது மைனர் பட்டம். ஆக, "எந்த பிராஞ்ச்?" என்ற பழைய கேள்வி, உள்ளே வந்த பிறகும் ஐந்தாவது செமஸ்டரில் இன்னொரு முறை கேட்கப்படுகிறது. இதற்கு சீனியரிடமும் பதில் இல்லை. போன வருடம்தான் அவரும் குழம்பினார். இதற்குப் பதில் தெரிந்தவர்கள் துணைமின் நிலையத்திலும், வார்ப்படச் சாலையிலும், பாலம் கட்டும் சைட்டிலும், சாஃப்ட்வேர் கம்பெனியிலும் பத்துப் பதினைந்து வருடம் தேய்ந்தவர்கள். அதாவது, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள்.

அதற்காகத்தான் மலரோடு ஒரு படிவம் இணைத்திருக்கிறோம். மூன்றே கேள்விகள்: உங்கள் வேலையில் தினமும் கை கொடுக்கும் பாடம் எது, படிக்காமல் விட்டதால் பிறகு காசு கொடுத்துக் கற்றது எது, உங்களுக்கு அரியர் விழுந்த பேப்பரை எப்படி முடித்தீர்கள். மூன்றாவதுக்குப் பெயர் எழுத வேண்டாம். நிரப்பியதை மதியச் சாப்பாட்டுக்கு முன் பதிவு மேசையில் கொடுத்துவிட்டால், துறைவாரியாகப் பிரித்து, ஐந்தாவது செமஸ்டர் எலக்டிவ் தேதிக்குள் மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.