அப்பாவின் டைரி

போன விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, மேசைமேல் கிடந்த அப்பாவின் டைரியைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் வங்கி, மின் கட்டணம், மின்னஞ்சல் என்று எல்லாக் கடவுச்சொற்களையும் வரிசையாக எழுதிவைத்திருந்தார். இருபது வருடங்களாகக் கணினித் துறையில் இருப்பவனின் அப்பா இப்படிச் செய்யலாமா என்று கடிந்துகொண்டேன்.

“உன்னோடதெல்லாம் எங்கேடா வச்சிருக்கே?” என்றார்.

இணையத்தில் ஒரு கடவுச்சொல் பெட்டகத்தில் என்றேன்.

“அது யார் வீட்டுல இருக்கு?”

சட்டென்று பதில் வரவில்லை.

இந்தக் கேள்வி கணினிக் கடவுச்சொல் அளவுக்கே பழையது. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சி.டி.எஸ்.எஸ். அமைப்பை இயக்கிக் காட்டியது. அவரவர் கோப்பு அவரவருக்கு என்பதற்காக ஆளுக்கொரு கடவுச்சொல் தந்தார்கள். நிர்வாக வசதிக்காக அத்தனையையும் ஒரே கோப்பில், உள்ளது உள்ளபடியே வைத்தார்கள்.

1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு, வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட நான்கு மணி நேரம் போதவில்லை. அந்தக் கோப்பை அச்சிடச் சொல்லித் துளை அட்டை ஒன்றைக் கொடுத்தார். கணினியும் அச்சிட்டுத் தந்தது. 1966இல் நடந்ததில் கள்ளத்தனம்கூட இல்லை. நிர்வாகிகளில் ஒருவர் கடவுச்சொல் கோப்பையும் மற்றொருவர் அன்றைய அறிவிப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்தார்கள். இருவரின் தற்காலிகக் கோப்புக்கும் ஒரே பெயர். இரண்டும் இடம் மாறின. உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அன்றைய அறிவிப்பாக வந்தது கடவுச்சொல் பட்டியல்.

ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 1979இல் எழுதிய கட்டுரை, யுனிக்ஸ் கண்ட தீர்வை விளக்கியது: ரகசியத்தைச் சேமிக்கவே வேண்டாம். கடவுச்சொல்லை ஒருவழிக் கணக்கில் அரைத்து, வந்த மாவை மட்டும் வைத்துக்கொள்வது. பயனர் மறுபடி தட்டும்போது மறுபடி அரைத்து ஒப்பிட்டால் போதும். மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. ஒரே கடவுச்சொல் வைத்த இருவரின் மாவும் ஒன்றுபோல் தெரியாதிருக்க ‘உப்பு’ சேர்த்தார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 4096 வடிவங்கள் கிடைத்தன. அவர்கள் திரட்டிய 3289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்ததையும் அதே கட்டுரையில் எழுதினார்கள். கணக்கு வலுவாக இருந்தாலும், மனிதர்கள் நினைவில் நிற்பதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

முப்பது வருடங்களுக்குப் பிறகும் பாடம் முழுதாக ஏறவில்லை. 2012இல் லிங்க்ட்இன்னிலிருந்து திருடுபோய் இணையத்தில் வெளியான சுமார் 65 லட்சம் பதிவுகளில் உப்பே இல்லை.

இந்த இடத்தில்தான் என் பெட்டகம் வருகிறது. வங்கிக்கு என் கடவுச்சொல்லைச் சரிபார்த்தால் போதும், மாவே போதுமானது. பெட்டகமோ மூலச் சொல்லை எனக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். எனவே அரைக்க முடியாது, பூட்டத்தான் முடியும். யுனிக்ஸ் வேண்டாம் என்று விட்ட அந்தக் கோப்பு, பூட்டோடு திரும்பி வந்திருக்கிறது. சாவி ஒரே ஒரு முதன்மைக் கடவுச்சொல். 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் பிரதிகளைத் திருடினார்கள். கடவுச்சொற்கள் பூட்டியிருந்தன, தளங்களின் முகவரிகள் திறந்தே கிடந்தன. பிரதியைக் கையில் வைத்திருப்பவன் சாவியை ஆற அமர ஊகிக்கலாம். மூன்று முறை தவறினால் தடுக்க அங்கே யாரும் இல்லை.

அதற்காகப் பெட்டகத்தைத் தூக்கியெறியச் சொல்லமாட்டேன். எல்லாத் தளங்களுக்கும் ஒரே சொல்லை வைப்பது அதைவிட ஆபத்து. அப்பாவின் டைரியைக் கடல்கடந்து யாரும் திருட முடியாது. ஆனால் ஒரு வெள்ளம் போதும்.

வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை மாற்றினேன். புதியவற்றைப் பெட்டகத்தில் போடாமல் ஒரு நோட்டில் எழுதினேன். அது இருக்கும் இடம் என் மனைவிக்கும் தெரியும். மற்றவை பெட்டகத்திலேயே இருக்கின்றன. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். தன் டைரியைப் பீரோவுக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னவர், “நோட்டைப் பூட்டி வச்சியா?” என்று கேட்டார்.