மாட்டுக்குப் போட்ட ஊசி

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

திருக்கழுக்குன்றம் மலையில் கழுகுக்குச் சோறு வைப்பதைப் பார்த்தவர்கள் உங்களில் சிலர் இருப்பீர்கள். உச்சி வேளையில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு காத்திருக்க, மஞ்சள் முகத்தோடு இரண்டு பறவைகள் இறங்கும். 1990-களின் இறுதியோடு அந்த வரவு நின்றுபோனது. கலி முற்றிவிட்டது என்றார்கள் பெரியவர்கள். அந்த ஜோடியின் கதை தனி. ஆனால் அதே ஆண்டுகளில் நாடு முழுக்க பாறு என்கிற பிணந்தின்னிக் கழுகு இனமே கரைந்துகொண்டிருந்தது.

முதலில் கணக்கு வைத்துக் கவனித்தவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ். ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் 1987-88-ல் அவர் எண்ணியபோது வெண்முதுகுப் பாறு 353 ஜோடி கூடு கட்டியிருந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்த மரங்கள் காலியாகிவிட்டன. பறவைகள் கழுத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்து, பிறகு செத்து விழுந்தன. 1992-ல் ஆயிரம் இருந்திருந்தால், 2007-ல் மிஞ்சியது ஒன்று. கொள்ளைநோய் என்றுதான் ஆரம்பத்தில் பலர் நினைத்தார்கள்.

விடை பாகிஸ்தானில் கிடைத்தது. லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் தன் குழுவோடு இறந்த பாறுகளை அறுத்துப் பார்த்தார். ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்ததுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. கிருமி எதுவும் கிடைக்கவில்லை. பாறு தின்பது என்ன? செத்த மாடு. அப்படியானால் மாட்டுக்குப் புதிதாக என்ன கொடுக்கிறார்கள் என்று மருந்துக்கடைகளிலும் மருத்துவர்களிடமும் விசாரித்தார்கள். டைக்ளோபினாக் என்ற வலி மருந்து அகப்பட்டது. நமக்கு மூட்டுவலிக்குக் கொடுப்பார்களே, அதேதான். இப்படிப் படிவு இருந்த 25 பறவைகளிலும் அந்த மருந்து இருந்தது. படிவு இல்லாத 13-ல் ஒன்றில்கூட இல்லை. 2004-ல் உலகத்துக்கே தெரிந்தது.

இதில் வில்லன் யாரும் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நொண்டுகிற மாட்டைப் பார்த்து மனம் பொறுக்காத விவசாயி, மலிவாகக் கிடைத்த ஊசியைப் போடச் சொன்னார். மாடு இரண்டு நாளில் செத்தால் மருந்து உடம்பிலேயே இருக்கும். பாறு கூட்டமாகச் சாப்பிடும் பறவை. ஒரு மாடு போதும், ஒரு கூட்டமே போய்விடும். நூறு சடலத்தில் ஒன்றுக்கும் குறைவாக விஷம் இருந்தாலே இனம் அழியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏனென்றால் பாறு ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து ஜோடி சேர ஐந்து வருடம் ஆகும்.

பாறு போனதும் செத்த மாடுகள் ஊர் எல்லையிலேயே அழுகிக் கிடந்தன. அதைத் தின்று நாய்கள் பெருகின. அதன் விளைவாக 1992 முதல் 2006 வரை கூடுதலாக நாற்பத்தேழாயிரம் பேர் வெறிநாய்க்கடியில் இறந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு. ஆந்த்ராக்ஸ் கிருமியைக்கூடக் கொல்லும் அமிலம் பாறுவின் வயிற்றில் உண்டு. நாய்க்கு அது ஏது? பாறு சுத்தமாகக் கொத்தி வைத்த எலும்பைப் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகளின் தொழில் படுத்தது. மும்பையில் பார்சிகள் தங்கள் இறந்தவர்களை மௌன கோபுரத்தில் பாறுகளுக்கு விடுவது வழக்கம். அவர்கள் சூரிய ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளை நாட வேண்டியதாயிற்று. ஒரு சமூகத்தின் ஈமச்சடங்கே ஒரு பறவையை நம்பி இருந்திருக்கிறது, பாருங்கள்.

2006-ல் மாட்டுக்கு டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. பிறகும் மனிதர்களுக்கான 30 மில்லி பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-ல் 3 மில்லிக்கு மேற்பட்ட ஊசி பாட்டிலுக்கும் தடை வந்தது. ஹரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் வைத்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். நம் பக்கம் முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் மிஞ்சியிருக்கின்றன.

அதனால்தான் இதை எழுதினேன். கோவை, நீலகிரி, ஈரோடு பக்கம் மாடு வைத்திருக்கும் உறவுகளே, ஊசி போட வருகிறவரிடம் மெலாக்சிகாம் போடச் சொல்லுங்கள். வலிக்கு அது கேட்கும், பாறுவுக்கும் ஆபத்தில்லை. என்னிடம் படித்தவர்களில் நாலைந்து பேர் மருந்துக்கடை வைத்திருக்கிறீர்கள். மாட்டுக்கு என்று யாராவது டைக்ளோபினாக் கேட்டு வந்தால் கொடுக்காதீர்கள்.