துறையில் கட்டிய எண்ணெய்க் கப்பல்: விதிகள் யார் கையைக் கட்டுகின்றன?

எண்ணெய் முனையத்தில் கப்பலைக் கட்டியதும் நடைமுறைக்கு வரும் விதிகளில் கண்ணில் படுபவை பெரும்பாலும் தீப்பொறியைப் பற்றியவை. மேல்தளத்தில் புகைபிடிக்கக் கூடாது, கைபேசியை எடுத்து வரக் கூடாது, சான்று பெறாத டார்ச் விளக்கு கூடாது, சமையலறைக் கதவு திறந்திருக்கக் கூடாது. இவை தேவைதான். ஆனால் இவ்விதிகள் பிறந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். மாலுமியின் ஒழுங்கால் நிறைவேறும் விதி உடனே வருகிறது. உரிமையாளரின் பணத்தால் நிறைவேற வேண்டிய விதி பல பத்தாண்டுகள் காத்திருக்கிறது. பெரும் உயிரிழப்புக்கு இந்தக் காத்திருப்பே வழிவிட்டது என்பது என் வாதம்.

தொட்டியில் தீப்பற்றாமல் காக்கும் மந்த வாயுவின் வரலாறு இதற்குத் தெளிவான சான்று. காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு. தொட்டிக்குள் அது சுமார் 11 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஹைட்ரோகார்பன் ஆவி எந்த விகிதத்தில் இருந்தாலும் பற்றாது. கொதிகலன் புகையைக் கழுவிக் குளிர்வித்துத் தொட்டிக்குள் செலுத்தினால் இந்த நிலையை எட்டலாம். அமெரிக்காவின் சன் ஆயில் நிறுவனம் 1930களிலேயே தன் கப்பல்களில் இதைச் செய்தது. ஆயினும் 1969 டிசம்பரில் மார்பெஸ்ஸா, மாக்ட்ரா, கொங் ஹாகோன் 7 ஆகிய மூன்று மாபெரும் டேங்கர்களின் தொட்டிகள், கடலில் கழுவிக்கொண்டிருந்தபோது வெடித்த பிறகுதான் உலகம் விழித்தது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான, 1974ஆம் ஆண்டின் சோலாஸ் உடன்படிக்கை புதிய பெருங்கப்பல்களுக்கு மட்டும் மந்த வாயுவைக் கட்டாயமாக்கியது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கப்பல்களையும் உள்ளடக்கிய 1978ஆம் ஆண்டின் நெறிமுறை 1981 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று தொட்டியில் ஆக்சிஜன் 8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அறிவு கைக்கு வந்ததற்கும் கட்டாயம் வந்ததற்கும் இடையே ஏறக்குறைய அரை நூற்றாண்டு!

அந்த இடைவெளிக்குள் விழுந்த கப்பல் பெட்டல்ஜூஸ். பிரான்சின் டோட்டல் குழுமத்துக்குச் சொந்தமான, 1968இல் கட்டப்பட்ட டேங்கர். சவூதியின் ராஸ் தனூராவில் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு, அயர்லாந்தின் பான்ட்ரி வளைகுடாவில் விடி தீவுக்கு அருகே கல்ஃப் நிறுவனம் நடத்திய முனையத்துக்கு 1979 ஜனவரியில் வந்தது. கப்பலைக் கட்டிய ஜெட்டி, தீவிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் தள்ளிக் கடலில் நின்றது. படகில்லாமல் அங்கிருந்து வெளியேற முடியாது. 8ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், சரக்கு இறங்கிக்கொண்டிருந்த கட்டத்தில் கப்பலின் உடல் முறிந்தது. தீ பரவியது, தொட்டிகள் வெடித்தன. கப்பலிலும் ஜெட்டியிலும் இருந்தவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. 50 பேர் மாண்டனர். பின்னர் சிதைவுகளை அகற்றும் பணியில் ஒரு டச்சு முக்குளிப்பாளரும் இறந்தார்.

நீதிபதி டெக்லன் காஸ்டெல்லோவின் தீர்ப்பாயம் 1980இல் அளித்த அறிக்கையில் சிகரெட்டோ அலட்சியமான விளக்கோ காரணமாக நிற்கவில்லை. கப்பலைச் சமநிலையில் வைக்கக் கடல்நீர் ஏற்றும் நிரந்தர பேலஸ்ட் தொட்டிகளின் எஃகு அரித்துப்போயிருந்தது. கப்பலை விற்கும் எண்ணம் இருந்ததால் சில பாகங்களைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்கள். எந்தத் தொட்டியில் எவ்வளவு இருந்தால் உடல் எவ்வளவு வளையும் என்று கணக்கிட்டுக் காட்டும் கருவி கப்பலில் இல்லை. சரக்கை இறக்கிப் பேலஸ்ட் நீர் ஏற்றிய முறை, நலிந்த உடல் தாங்காத அழுத்தத்தை உண்டாக்கியது. மந்த வாயு அமைப்பும் இல்லை. முனையத்தின் பக்கம் பார்த்தால், தப்பிக்கத் தகுந்த படகு ஜெட்டியில் இல்லை. காவலுக்கு நிற்க வேண்டிய இழுவைப் படகு கண்ணுக்கெட்டாத தொலைவில் நின்றது. தீயணைப்புக் குழாயில் எப்போதும் அழுத்தத்தோடு நீர் வைத்திருக்கும் முறை முன்பே கைவிடப்பட்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டியவர் அந்த நேரத்தில் இடத்தில் இல்லை என்பதும் உண்மை. மனிதத் தவறு சொல்ல எளிது. ஆனால் முதல் அறிகுறிக்கும் பெருவெடிப்புக்கும் நடுவே ஏறத்தாழ அரை மணி நேரம் இருந்தது. ஒரு படகு அருகில் இருந்திருந்தால் அது போதுமான நேரம்.

ஒழுங்கு விதிகளை நான் தாழ்த்துவதாக இதைக் கொள்ளக் கூடாது. நிலைமின் சேரும் எண்ணெயைத் தொட்டிக்குள் முதலில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு மிகாமல் விட வேண்டும், ஏற்றி முடித்தபின் 30 நிமிடம் கழித்தே அளவுகோலை இறக்க வேண்டும் என்பவை இயற்பியலில் வேரூன்றியவை. மாறாக, பழக்கத்தால் வாழும் விதியும் உண்டு. கப்பலையும் கரையையும் ஒரு செம்புக் கம்பியால் இணைத்தால் தீப்பொறி வராது என்று பல துறைமுகங்கள் நெடுங்காலம் வலியுறுத்தின. துருத்தடுப்பு மின்னோட்டத்தால் இரண்டுக்கும் இடையே ஓடும் பெருமின்னோட்டத்தை அந்தக் கம்பி அடக்காது. அதைக் கழற்றும்போதே பொறி பறக்கலாம். எண்ணெய்க் குழாயில் மின்தடுப்பு விளிம்பு ஒன்றைப் பொருத்துவதே சரியான வழி என்று எண்ணெய்க் கப்பல்களுக்கும் முனையங்களுக்குமான ‘இஸ்காட்’ பாதுகாப்பு வழிகாட்டி சொல்கிறது. இருந்தும் கம்பி கண்ணுக்குத் தெரியும், ஆய்வாளர் தொட்டுப் பார்க்கலாம். அதனால் அது எளிதில் சாகவில்லை.

1978இல் முதலில் வெளிவந்த இஸ்காட், 2020இல் ஆறாம் பதிப்பை எட்டியுள்ளது. கப்பலும் முனையமும் சேர்ந்து நிரப்பும் சரிபார்ப்புப் பட்டியலைப் புதிய பதிப்பு கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறது. சரக்கு ஓடும்போது குறித்த இடைவெளியில் மறுபடி பார்க்க வேண்டியவற்றைத் தனியே வைத்திருக்கிறது. நல்ல திருத்தம். ஆனால் இஸ்காட் சட்டம் அல்ல, தொழில்துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட வழிகாட்டி. சோலாஸ் கப்பலுக்குப் பொருந்தும், ஜெட்டிக்குப் பொருந்தாது. ஜெட்டியில் தப்பும் படகு வேண்டுமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டமும் முனைய உரிமையாளரும் தீர்மானிக்கிறார்கள். எண்ணெய் நிறுவனங்களின் கடல்சார் மன்றம் 1993இல் தொடங்கிய ‘சைர்’ திட்டத்தில் டேங்கரை வெளியாள் ஏறிப் பார்த்து அறிக்கை தருகிறார். அதே மன்றம் முனையத்துக்கு வகுத்துத் தந்திருப்பதோ சுய மதிப்பீடு. காவல் படகு எங்கே நிற்கிறது, தீயணைப்புக் குழாயில் இப்போது அழுத்தம் எவ்வளவு, ஜெட்டியிலிருந்து வெளியேற இரண்டாவது வழி எது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, தக்க விடை கிடைக்கும்வரை குழாயை இணைக்க மறுக்கும் உரிமையைக் கப்பல் தலைவருக்குச் சர்வதேசச் சட்டமே தர வேண்டும். வாடகை ஒப்பந்தத்தின் கெடுவுக்குள் நிற்கும் ஒரு தலைவர், அப்படியொரு சட்டத்தின் துணையின்றி இன்று அவ்வாறு மறுப்பார் என்று நான் நம்பவில்லை.