சிராங்கூன் சாலை: மண்ணும் மக்களும்

தொழில் அமைந்த இடத்தில் குடி பெருகும். குடி பெருகிய இடத்தில் திருக்கோயில் எழும். கோயிலைச் சூழ்ந்து கடைவீதி வளரும். தமிழர் குடியேறிய நாடுகள் பலவற்றிலும் காணப்படும் இவ்வரலாற்றுக்குச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சாலையின் இருமருங்கிலும் சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற்சூளைகளும் மாட்டுப்பட்டிகளும் நிறைந்திருந்தன. தமிழர் இவ்வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே அழைத்தனர். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு ஆகிய பெயர்கள் அன்றைய மாட்டு வணிகத்தை இன்றும் நினைவூட்டுகின்றன. ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் இங்கு உழைத்த மக்களின் வழிபாட்டில் வளர்ந்ததாகும். ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திற்கான நிலமோ, 1851இல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமிருந்து 26 ரூபாய் 8 அணாவுக்கு வாங்கப்பட்டது. சமூகப் பெரியோர் அன்று வாங்கிய மண்ணில் எழுந்த ஆலயம், 1978இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது.

எனினும், நகரம் வளர வளர நிலத்தின் தேவையும் வளர்ந்தது. ஆர்ச்சர்ட் சாலையிலிருந்த ஸ்ரீ சிவன் ஆலயம், பெருவிரைவு ரயில் பணிக்காக 1983இல் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. எம்பெருமான் சிராங்கூன் சாலையில் தற்காலிகமாக எழுந்தருளியிருந்து, 1993இல் கேலாங் ஈஸ்ட்டில் புதிய ஆலயம் கண்டார். பொதுநலனுக்கு இடம் விட்டுக்கொடுத்த சமூகம், வழிபாட்டை மட்டும் ஒருநாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

1989ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் லிட்டில் இந்தியா பேணிக்காக்கப்படும் வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பழைய கடைவீடுகளின் முகப்பும் கூரையும் ஐந்தடிப் பாதையும் இதனால் தப்பின. ஆனால், சட்டம் சுவரைக் காக்கலாம். சுவருக்குள் பூத்தொடுப்பவரையும் பொற்கொல்லரையும் மளிகை வணிகரையும் காப்பதற்குச் சட்டம் மட்டும் போதாது. வாடகை உயர்ந்து அவர்கள் அகன்றுவிட்டால் எஞ்சுவது வண்ணம் பூசிய வெறுங்கூடே.

ஆகவேதான் நிலத்திட்டத்தில் மக்கள் பங்கு பெறுவது இன்றியமையாததாகிறது. 2002இல் நகர மறுசீரமைப்பு ஆணையம், அண்டையிலுள்ள ஜாலான் புசார் முதலிய வட்டாரங்களின் தனித்தன்மை குறித்த திட்டத்தை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. நாட்டின் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்யப்படுகிறது. அதன் வரைவு மக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. 2025 ஜூன் மாதத்திலும் அவ்வாறே வைக்கப்பட்டது. கருத்தோ ஆட்சேபமோ தெரிவிக்க எவருக்கும் உரிமையுண்டு.

இவ்வுரிமையைப் பயன்படுத்தும் ஆற்றல் நம் சமூகத்திற்கு உண்டு. தைப்பூசத்தன்று இதே சாலையிலிருந்து புறப்படும் காவடி ஊர்வலத்திற்காக, ஆலயத்தாரும் தொண்டர்களும் அதிகாரிகளும் ஆண்டுதோறும் கூடிப் பேசி வழி வகுக்கின்றனர். ஒருநாள் ஊர்வலத்திற்குக் காட்டும் அந்த அக்கறையை, பல்லாண்டுக்கான நிலத்திட்டத்திற்கும் காட்டுதல் வேண்டும். முன்னோர் பொருள் கொடுத்து மண்ணைப் பெற்றனர். இன்றுள்ளோர் கருத்துக் கொடுத்து அதன் பண்பைக் காத்தல் கடமையாகும். இறையருள் அதற்குத் துணைநிற்பதாக!